கைபேசியால் இயங்கும் பம்புசெட்: அமைக்கும் முறையும் பராமரிப்பும்

சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு பகுதிகளில் நெல், கரும்பு, மணிலா, காய்கறி என எந்தப் பயிரானாலும் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியே சாகுபடி நடைபெறுகிறது. கிணறு கழனியில் இருக்கிறது. வீடு ஊருக்குள் இருக்கிறது. மின்சாரம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பது நம் கையில் இல்லை. மோட்டார் போட ஒரு நடை, நிறுத்த ஒரு நடை, இடையில் மின்சாரம் நின்றால் மறுபடியும் ஒரு நடை என விவசாயி அலைய வேண்டியுள்ளது. இரவானால் வரப்பில் பாம்புக்கும் தேளுக்கும் அஞ்ச வேண்டும். வீட்டிலுள்ள இளைஞர்கள் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டால், இந்த வேலை முழுவதும் வயதான பெற்றோர் மீதும் பெண்கள் மீதும் விழுகிறது.

இந்த அலைச்சலைக் குறைக்க வந்ததே கைபேசியால் இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவி. மகாராஷ்டிரத்தில் பூனா நகரைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர், தம் தாத்தா இரவில் பம்பு போடக் கழனிக்கு நடந்த சிரமத்தை மனத்தில் கொண்டு ‘நானோ கணேஷ்’ என்ற கருவியை உருவாக்கினார். 2009-ம் ஆண்டு நோக்கியா நிறுவனம் நடத்திய உலகளாவிய போட்டியில் அது பரிசு பெற்றது. இன்று பல நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளைச் செய்து விற்கின்றன.

கருவி பயனுள்ளது, ஐயமில்லை. ஆனால் வாங்கும் முன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கையால் பொத்தானை அழுத்தும்போது மோட்டார் அருகே யாரும் இருக்கிறார்களா, தண்ணீர் வருகிறதா, ஒயர் அறுந்து கிடக்கிறதா என்று நம் கண் பார்த்துவிடுகிறது. கைபேசியால் போடும்போது கை எட்டுகிறது; கண் எட்டுவதில்லை. கண் செய்துவந்த காவலை வேறு வழியில் செய்தாக வேண்டும். கருவியைச் சரியாக அமைப்பது என்பதே இதுதான்.

கருவி வேலை செய்யும் விதம்

சாதாரண ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயிலுக்கு மின்சாரம் போய், காண்டாக்டர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அழுத்தினாலோ மின்சாரம் நின்றாலோ விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் தானாகப் பிடிக்காது. இது ஒரு குறை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது ஸ்டார்ட்டரில் வைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு. மின்சாரம் நின்ற நேரத்தில் ஒருவர் மோட்டாரைத் தொட்டுக்கொண்டிருந்தால், திரும்பி வரும் மின்சாரம் அவரைத் தாக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

கைபேசிக் கருவியில் இரண்டு ரிலேக்கள் உண்டு. ஒன்று பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், மற்றொன்று சிவப்புப் பொத்தானின் வழியில் தொடராகவும் இணைக்கப்படும். கருவிக்குள் உள்ள சிம்முக்கு நாம் அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பினால், அது நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்துகிறது. தானியங்கி முறையில் வைத்தால், மின்சாரம் திரும்பியவுடன் யாரும் சொல்லாமலே அழுத்திவிடும். அதாவது, ஸ்டார்ட்டரில் இருந்த பழைய பாதுகாப்பை நாமே நீக்கிவிடுகிறோம். அதற்கு ஈடாக என்ன செய்ய வேண்டும் என்பது பின்னால் கூறப்படுகிறது.

சிம் தேர்வு

1. கருவி 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்குவதா, 4ஜி-யிலும் இயங்குவதா என்று கடைக்காரரிடம் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கவும். 2ஜி கருவியில் 2ஜி சேவை உள்ள நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும். எடுத்துக்காட்டாக, ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை. அந்த சிம்மை இத்தகைய கருவியில் போட்டுப் பயனில்லை.

2. சிம் வாங்குமுன், அதே நிறுவன சிம் உள்ள ஒரு கைபேசியை மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய் அழைத்துப் பார்க்கவும். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் குறையும். ஆகவே ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே, மழைத்தண்ணீர் வழியாத இடத்தில் வைக்கவும்.

3. சிம்மைக் கைபேசியில் போட்டு, பின் பூட்டு இருந்தால் நீக்கிவிட்டுப் பிறகு கருவியில் பொருத்தவும். 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்புத் தடையையும் பதிவு செய்துவிடலாம்.

4. அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் மோட்டார் போடாமல் விடுவது வழக்கம். பயன்பாடின்றி 90 நாட்கள் கடந்தால் சிம் இணைப்பு துண்டிக்கப்படலாம். தரிசுக் காலத்திலும் மாதம் ஒருமுறை அழைத்துப் பார்த்து, ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

எண்களைப் பதிவு செய்தல்

கட்டளைச் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கருவியுடன் வரும் குறிப்புத்தாளைப் பார்த்தே செய்ய வேண்டும். ஆனால் வரிசை பெரும்பாலும் ஒன்றே.

முதலில், விற்பனையாளர் வைத்த ரகசிய எண்ணை மாற்றவும். பல கருவிகளில் அது ஒரே எண்ணாக இருக்கும். மாற்றாவிட்டால் அந்த எண்ணை அறிந்த எவரும் உங்கள் மோட்டாரை இயக்கலாம். அடுத்து உரிமையாளர் எண்ணைப் பதியவும். பிறகு வீட்டில் இன்னும் ஓரிருவர் எண்களை மட்டும் சேர்க்கவும். பதிவு செய்த எண்களின் அழைப்பை மட்டும் ஏற்கும்படி அமைக்கவும். இல்லாவிட்டால் தவறி வரும் ஓர் அழைப்புகூட மோட்டாரை ஓடவிட்டுவிடும்.

குடும்பத்தில் யாராவது கைபேசி எண்ணை மாற்றினால், பழைய எண்ணை அன்றே நீக்கவும். கைவிட்ட எண் சில மாதங்களில் முன்பின் அறியாத வேறொருவருக்குப் போய்ச் சேரும்.

இவ்வளவும் முடிந்தபின் குறிப்புத்தாளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கொட்டகையில் ஒன்று, வீட்டில் ஒரு நகல் என்று வைத்துக்கொள்ளவும்.

ஆம்பியர் அளவு வைத்தல்

இதுவே மோட்டாரின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை. எலக்ட்ரீஷியனை அழைத்து, கிளாம்ப் மீட்டர் கொண்டு மூன்று பேஸிலும் அளக்கச் சொல்லவும். மின்னழுத்தம் சரியாக உள்ளபோது, குழாயில் முழுத் தண்ணீர் வரும்போது அளக்க வேண்டும்.

மேல் அளவு: மோட்டாரின் பெயர்ப்பலகையில் முழுச்சுமை ஆம்பியர் பொறிக்கப்பட்டிருக்கும். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாருக்குத் தோராயமாக 7.5 ஆம்பியர், நீர்மூழ்கி மோட்டார்களில் சற்றுக் கூடும். பலகையில் உள்ள அளவைத் தாண்டி வைக்கக் கூடாது. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அளவைக் கூட்டுவது, காய்ச்சல்காரர் அருகில் இருந்துகொண்டு தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது. ஏன் டிரிப் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

கீழ் அளவு: கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் பம்புக்குச் சுமை குறைந்து ஆம்பியரும் குறையும். அதைக் கண்டு மோட்டாரை நிறுத்துவதே வறட்டு ஓட்டத் தடுப்பு. நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. தண்ணீரின்றி ஓடினால் புஷ் தேய்ந்து, சுருள் கருகிவிடும். வழக்கமாக 8 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு, அதில் 80 சதவீதமான 6.4 ஆம்பியரைக் கீழ் அளவாக வைத்துத் தொடங்கலாம். அளவு பார்ப்பதற்காகத் தண்ணீரில்லாமல் ஓடவிடக் கூடாது. மோட்டாருக்குச் சுருள் கட்டினாலோ பம்பை மாற்றினாலோ மீண்டும் அளந்து புதிதாக வைக்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கிய பிறகும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

ஊறும் நேரம்: வறட்டு ஓட்டத்தால் நின்ற மோட்டார் எத்தனை நிமிடம் கழித்து மீண்டும் ஓடலாம் என்பதையும் கருவியில் வைக்கலாம். கிணறு 40 நிமிடம் கொடுத்து ஒரு மணி நேரம் ஊறும் என்றால், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கவும். 10 நிமிடம் என்று வைத்தால் மோட்டார் நாள் முழுவதும் போட்டுப் போட்டு நின்று கெடும்.

பேஸ் தடுப்பு: மூன்றில் ஒரு பேஸ் போய்விட்டால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் கூடிச் சுருள் கருகும். இதைத் தடுக்கும் ஏற்பாடு கருவியில் உள்ளதா என்று பார்த்து வாங்கவும். இரண்டு பேஸில் ஓட்டுவதற்காக இதனைத் துண்டித்துவிடும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

தானியங்கி முறையில் காத்திருப்பு நேரம்

மின்சாரம் திரும்பியவுடன் எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுத்தாலும், புறப்படும்போது அதைப்போல் சுமார் 6 மடங்கு, அதாவது 45 ஆம்பியர் இழுக்கும். 10 மோட்டார் ஒன்றாகப் புறப்பட்டால் 450 ஆம்பியர். ஆனால் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பேஸுக்குத் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 133 ஆம்பியர்தான். விளைவு, மின்னழுத்தம் சரிந்து எந்த மோட்டாரும் ஒழுங்காகப் புறப்படாமல் உறுமும்; பீஸ் போகும்; சில சமயம் டிரான்ஸ்பார்மரே போகும். அதே 10 மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டால், எல்லாம் ஓடும் நிலையில் 75 ஆம்பியர்தான் ஆகிறது.

எனவே, ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள விவசாயிகள் ஒன்றுகூடிப் பேசி, முதல் மோட்டாருக்கு 1 நிமிடம், அடுத்ததற்கு 1 நிமிடம் 20 நொடி, அதற்கடுத்ததற்கு 1 நிமிடம் 40 நொடி என்று காத்திருப்பு நேரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

உயிர்க் காவல்

மேலைநாடுகளில் கார் நிறுத்தும் கொட்டகைக் கதவை ரிமோட்டால் திறந்து மூடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பார்க்காமல் மூடிய கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததுண்டு. ஆகவே, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவுக் கருவிகளில், ஏதேனும் தடுத்தால் கதவு மேலே திரும்பும் ஏற்பாடு கட்டாயம் என்று அமெரிக்காவில் சட்டம் கொண்டுவந்தனர். தொலைவிலிருந்து இயக்கும் பொறிக்குக் காவல் வேண்டும் என்பதை அவர்கள் உயிர்களை இழந்து கற்றார்கள்.

நம் மோட்டாருக்கு அத்தகைய கண் இல்லை. தந்தை ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கைவைத்திருக்கிறார். தொழிற்பேட்டையில் உணவு இடைவேளையில் இருக்கும் மகன், பயிர் வாடுகிறதே என்ற நல்லெண்ணத்தில் கைபேசியில் மோட்டார் போடுகிறார். இருவர் மீதும் தவறில்லை. ஆனால் போவது ஓர் உயிர். பெல்ட்டில் ஓடும் மேல்பம்பாக இருந்தால் கை போகும். இதைத் தடுக்கக் கீழ்க்கண்டவற்றை விதியாகவே கொள்ள வேண்டும்.

1. கைபேசியில் நிறுத்தம் செய்ததை நம்பி எதையும் தொடக் கூடாது. நிறுத்திய பின்னும் ஸ்டார்ட்டரின் மேல் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

2. மெயின் ஸ்விட்சை இறக்கி, மூன்று பீஸ் கேரியர்களையும் கழற்றி உங்களுடன் வைத்துக்கொள்ளவும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற இரண்டு பேஸில் மின்சாரம் உண்டு.

3. பூட்டு மாட்டும் துளையுள்ள மெயின் ஸ்விட்சாகப் பொருத்தவும். இறக்கிய நிலையில் சிறு பூட்டுப் போட்டு, சாவியை மடியில் கட்டிக்கொண்டு வேலை செய்யவும். யார் வேலை செய்கிறாரோ அவரிடமே சாவி இருக்க வேண்டும்.

4. ‘கைமுறை, நிறுத்தம், தொலைமுறை’ என்று மூன்று நிலையுள்ள திருகு ஸ்விட்ச் ஒன்றைப் பெட்டியில் பொருத்தச் சொல்லவும். கொட்டகைக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதை ‘நிறுத்தம்’ நிலைக்குத் திருப்புவதே.

5. மின்திறன் கூட்டும் கெப்பாசிட்டர் உள்ள இடத்தில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சில நிமிடங்கள் பொறுத்தே வேலை தொடங்க வேண்டும். அதன் முனைகளை வெறுங்கையால் தொடக் கூடாது.

6. தொலைவிலிருந்து போடுபவர், முதலில் கழனியில் அல்லது வீட்டில் இருப்பவரிடம் பேசி, மோட்டார் அருகே யாருமில்லை என்று கேட்டறிந்த பிறகே போட வேண்டும். தானியங்கி முறையில் உள்ள மோட்டார் கொட்டகையின் கதவில், ‘மோட்டார் தானாக ஓடும், தொடாதே’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும்.

7. எர்த் இணைப்பு உயிர்நாடி. மோட்டார், ஸ்டார்ட்டர், கருவிப் பெட்டி மூன்றும் எர்த்தில் சேர்ந்திருக்க வேண்டும். மின்கசிவில் மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கசிவுத் தடுப்பு ஸ்விட்சை எலக்ட்ரீஷியன் ஆலோசனையுடன் பொருத்தலாம். அது அடிக்கடி விழுந்தால் எங்கோ ஒயரில் கசிவு உள்ளது என்று பொருள். ஸ்விட்சைக் கழற்றி எறியாமல் கசிவைத் தேடவும்.

எவராவது மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை இறக்கவும். முடியாவிட்டால் உலர்ந்த மரத்தடியால் விலக்கவும். மூச்சில்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-க்குச் சொல்லவும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும்

‘மோட்டார் ஓடுகிறது’ என்று கைபேசிக்குச் செய்தி வந்தால், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று ஆகிவிடாது. குழாய் உடைந்திருக்கலாம், மடை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்குப் போகலாம். கருவி ஆம்பியரைத்தான் அறியும். ஆகவே நேரக் கட்டுப்பாட்டை எப்போதும் வைக்கவும். பாய்ச்ச 2 மணி நேரம் தேவையென்றால் 2 மணி நேரத்தில் தானே நிற்கட்டும். மறந்துபோய் இரவெல்லாம் ஓடிய தண்ணீர் திரும்பி வராது. மின்சாரம் இலவசமாகக் கிடைத்தாலும் நிலத்தடி நீர் இலவசமல்ல. கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உள்ளே வரும். நாளுக்கு ஒருமுறையேனும் வயலை நேரில் பார்க்கும் பழக்கத்தைக் கைபேசி வந்தபின்னும் விடக் கூடாது.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை: கைபேசியில் போட்டும் நிறுத்தியும் பார்க்கவும். போடுவதைவிட நிறுத்துவது சரியாக வேலை செய்கிறதா என்பதே முக்கியம். அதற்குக் கொட்டகையின் வெளியே ஒருவர் நிற்கட்டும்.

மாதம் ஒருமுறை: மெயினை இறக்கிப் பூட்டியபின், பெட்டியின் தூசியை உலர்ந்த தூரிகையால் துடைக்கவும். எறும்பும் பல்லியும் ரிலேக்களையும் காண்டாக்டரையும் கெடுப்பவை. ஒயர் நுழையும் துளைகளை ரப்பர் வளையம் அல்லது அடைப்புப் பசையால் மூடவும். பூச்சி மருந்தைப் பெட்டிக்குள் தெளிக்கக் கூடாது.

6 மாதத்துக்கு ஒருமுறை: எலக்ட்ரீஷியனைக் கொண்டு திருகாணிகளை இறுக்கவும். தளர்ந்த திருகாணி சூடாகி ஒயரைக் கருக்கும். காண்டாக்டரின் முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் மாற்றவும். ஒட்டிக்கொண்ட காண்டாக்டர் கைபேசிக்கும் அடங்காது, சிவப்புப் பொத்தானுக்கும் அடங்காது. கருவியில் பாட்டரி இருந்தால் அதனையும் சோதிக்கவும்.

கோடையில்: எர்த் குழியில் வாரந்தோறும் தண்ணீர் ஊற்றவும். காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது.

புயல் காலத்தில்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் தானியங்கி முறையில் விட்ட மோட்டார், வெள்ளத்தில் நிற்கும் கொட்டகையிலும் மின்சாரம் வந்தவுடன் ஓடப் பார்க்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததுமே ‘நிறுத்தம்’ நிலைக்குத் திருப்பி, மூன்று பீஸ்களையும் கழற்றிவிடவும். கருவியைத் தரையிலிருந்து இடுப்பளவுக்கு மேல் பொருத்துவது நல்லது. தண்ணீர் வடிந்தபின் உடனே போடாமல், பெட்டியை நன்கு உலர்த்தி, எலக்ட்ரீஷியன் மெகர் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே போடவும். அறுந்து கிடக்கும் கம்பியை எவரும் நெருங்கக் கூடாது.

மானியமும் விசாரிக்கும் இடமும்

தமிழகத்தில் இக்கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வாயிலாக மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. புதுவைப் பகுதி தமிழக ஊர்களுக்கு இடையே பிரிந்து பிரிந்து கிடப்பதால், சேதராப்பட்டில் வீடும் வானூர் வட்டத்தில் நிலமும் உள்ளவர்கள் உண்டு. நிலமும் மின் இணைப்பும் எந்த எல்லைக்குள் உள்ளனவோ, அந்த அரசின் வேளாண் அலுவலகத்தில் நடப்பு ஆண்டு நிலவரத்தை விசாரித்துக்கொள்ளவும். புதுவை விவசாயிகள் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மானியத்தில் வாங்கினாலும் சொந்தப் பணத்தில் வாங்கினாலும், பொருத்தும் நாளில் வீட்டில் மோட்டாரைத் தொடும் அனைவரையும் கொட்டகைக்கு அழைத்து, மெயினை இறக்கிப் பூட்டும் முறையை அவரவர் கையாலேயே செய்து பழகச் சொல்லுங்கள். கருவியை இயக்கக் கற்பதற்கு முன் அதனை நிறுத்தக் கற்றுக்கொள்வதே முறை.